விண்வெளி வீட்டுக்கும் ஓர் உரக்குழி வேண்டும்: செடி, நுண்ணுயிர், மனிதர்

உரக்குழி (இழையைத் தொடங்கியவர்)

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் எட்டுக் காராமணி விதைகளும் போயின. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை வேலை முடிந்ததும் வீணாக விடாமல் ஆய்வு மேடையாக மாற்றியிருந்தார்கள். அதில் இருந்த சின்ன மூடிய பெட்டி ஒன்றைத் திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்தது. நான்கே நாளில் விதை முளைத்தது, பிறகு இரண்டு இலையும் விட்டது. எங்கள் பக்கம் தட்டைப்பயறு என்போம். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். அவர் கேட்டது இதுதான்: "முளைச்சது சரிப்பா. காய்ச்சு முடிஞ்சதும் கொடியையும் சருகையும் எங்கே போடுவாங்க?"

அந்தக் கேள்விக்காகவே இந்த இழை. பதினோரு வருடமாகக் குழி போட்டு உரம் செய்கிறவன் நான். விண்வெளி விவசாயம் பற்றி எழுதுகிற எல்லோரும் இலையைப் பற்றியே எழுதுகிறார்கள், மக்குவதைப் பற்றி எழுதுவோர் குறைவு. இந்த வேலையின் கடினமான பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். ஒரு மனிதருக்கு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளியே விடும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு கிலோ. நல்ல விளக்கொளியில் 20 முதல் 25 சதுர மீட்டர் பயிர் இருந்தால் ஒருவரின் மூச்சுக்குப் போதும். சாப்பாடும் முழுக்க அதிலிருந்தே வரவேண்டும் என்றால் இடம் ஏறக்குறைய இரு மடங்காகும், அதாவது ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு சென்ட்டில் ஒரு உயிர்! கேட்க ஆனந்தமாக இருக்கிறது.

ஆனால் கோதுமையில் நாம் சாப்பிடுவது பாதிகூட இல்லை. மீதி வைக்கோலும் வேரும். அவற்றை மக்க விட்டால், மக்க வைக்கும் நுண்ணுயிர் அதே ஆக்சிஜனைத் தின்னும். மக்க விடாவிட்டால் கார்பனும் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அதற்குள் பூட்டிக் கிடக்கும், அடுத்த பயிர் பட்டினி. மனிதக் கழிவுக்கும் இதே கதை. இந்தப் பூட்டை எப்படித் திறக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மாடித்தோட்டம்_திருச்சி

அண்ணா, நல்ல இழை. அடிப்படைச் சந்தேகம் ஒன்று. இவ்வளவு பாடு எதற்கு? சாப்பாட்டைக் கட்டி அனுப்பினால் போதாதா? இப்போது அப்படித்தானே செய்கிறார்கள்?

---

உரக்குழி

பூமியை ஒட்டிச் சுற்றும்வரை போதும் தங்கச்சி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் சுத்தம் செய்து 98 சதவீதத் தண்ணீரை மீட்கும் நிலைக்கு 2023இல் வந்துவிட்டார்கள். உணவு மட்டும் கீழிருந்து போகிறது.

செவ்வாய் என்றால் போய்த் திரும்ப மூன்று வருடத்தை ஒட்டி ஆகும். பொட்டலத்தோடு சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 1.8 கிலோ உணவு என்று வைத்தால், நான்கு பேருக்கு 1,000 நாளில் 7 டன்னைத் தாண்டுகிறது. எடை ஒருபுறம் இருக்கட்டும். பொட்டலத்தில் கிடக்கும் உணவில் சி வைட்டமினும் பி1 வைட்டமினும் நாளாக நாளாகக் குறைகின்றன. நடுவழியில் கடை இல்லை.

---

கொளத்தூர்_மீன்தொட்டி

வணக்கம். ராக்கெட் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வண்ண மீன் வளர்ப்பது எங்கள் குடும்பத் தொழில். நீங்கள் சொல்லும் பூட்டை நான் தினமும் பார்க்கிறேன்.

புதுத் தொட்டி வாங்குகிறவர் அன்றைக்கே பத்து மீன் கேட்பார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நான்காம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்திருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம் பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் இறங்கும். இரண்டு கூட்டமும் கல்லிலும் பில்டர் பஞ்சிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடைசியில் வரும் நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும்.

அவசரப்படுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து ஒன்றே ஒன்று: என் பழைய தொட்டியின் அழுக்குப் பஞ்சு. அந்தப் பழுப்பு வழவழப்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் போச்சு, குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். கழுவாமல் பிழிந்து ஊற்றினால் தொட்டி பிழைக்கும்.

விண்கலத்திலும் சிறுநீரைச் செடிக்குக் கொடுக்க இதே கூட்டம்தானே வேண்டும்?

---

உரக்குழி

சரியாக அங்கேயே வந்து நிற்கிறீர்கள்! ஐரோப்பிய விண்வெளி முகமை 1980களின் கடைசியில் தொடங்கி இன்றுவரை நடத்தும் திட்டத்தின் பெயர் மெலிசா. ஒரு ஏரி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வதை ஐந்து அறைகளாகப் பிரித்து வைத்தால் எப்படியோ அப்படி.

முதல் அறையில் காற்று புகாமல், சூட்டில் வாழும் பாக்டீரியா. கழிவையும் தாவர மிச்சத்தையும் கரைத்துப் புளிக்க வைக்கும், நம் சாண எரிவாயுக் கலம் மாதிரி. ஆனால் இங்கே எரிவாயு வேண்டாம் என்பதால் மீத்தேன் வராமல் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் அறையில் வெளிச்சத்தில் வளரும் ஊதா நிற பாக்டீரியா, புளித்ததில் மிஞ்சும் கொழுப்பமிலங்களைத் தின்னும். மூன்றாவது கொளத்தூர் நண்பரின் பஞ்சு. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் இரண்டும் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குகின்றன. நான்காம் அறையில் ஒரு பக்கம் ஸ்பைருலினா என்ற பாசி, மறு பக்கம் பயிர்கள். ஐந்தாவது அறை மனிதர்.

பார்சிலோனாவில் தன்னாட்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் இதன் மாதிரி ஆலை இருக்கிறது. அங்கே மனிதருக்குப் பதில் இப்போதைக்கு எலிகள் மூச்சு விடுகின்றன. எலி கொஞ்சம் சுறுசுறுப்பானால் ஆக்சிஜன் குறையும், உடனே பாசித் தொட்டியின் விளக்கு தானாகப் பிரகாசமாகும். எத்தனையோ ஆண்டு உழைத்து அறைகளை ஒவ்வொன்றாகத்தான் இணைக்கிறார்கள். தாமதம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமைமேல் பெரிய மரியாதை.

---

வால்வு_பொறியாளர்

ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் யாராவது மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

பயிருக்கு விளக்கு வேண்டும். கோதுமை நன்றாக விளைய ஒரு சதுர மீட்டருக்கு 300 வாட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 50 சதுர மீட்டர், ஆக 15 கிலோவாட். நான்கு பேருக்கு 60. சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகள் எல்லாம் சேர்ந்து தருவதே 84 முதல் 120 கிலோவாட். பாதியோ அதற்கு மேலோ விளக்குக்கே போய்விடும். அந்த விளக்கின் சூட்டையும் வெளியே தள்ள வேண்டும்.

அப்புறம், ஒரு பம்பு கெட்டால் மாற்றுப் பம்பு எடுத்து மாட்டலாம். பாக்டீரியாக் கூட்டம் செத்தால் நான்கு முதல் ஆறு வாரம் என்று மீன்தொட்டி நண்பரே சொல்லிவிட்டார். நான்கு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டா இருக்க முடியும்?

அண்டார்டிகாவில் ஜெர்மனியின் நாய்மாயர் 3 நிலையத்தருகே 2018இல் ஈடன் ஐ.எஸ்.எஸ். என்ற பசுங்கூடம் வைத்தார்கள். வெறும் 12.5 சதுர மீட்டரில் 268 கிலோ காய்கறி. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பெரும்பகுதி லெட்டூஸ், வெள்ளரி, தக்காளி. நாவுக்கும் மனதுக்கும் நல்லது, வயிறு நிறைய வேறு ஏதாவது வேண்டும்.

---

சைபீரியக்_குளிர்

மின்சாரக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் ஐம்பது வருடம் முன்பு.

1961இல் மாஸ்கோவில் யெவ்கேனி ஷெபெலேவ் என்ற மருத்துவர் மூடிய அறைக்குள் குளோரெல்லா பாசித் தொட்டியோடு ஒரு நாள் இருந்தார். பாசி விட்ட காற்றை சுவாசித்தே அந்த ஒரு நாளும் கழிந்தது. அப்படி வாழ்ந்த முதல் மனிதர் அவர்தான்.

பிறகு கிராஸ்நயார்ஸ்க் நகரில் உயிர் இயற்பியல் நிறுவனம் பயோஸ்-3 கட்டியது. தரைக்குக் கீழே, காற்றுப் புகாத, 315 கன மீட்டர் கூடம். வெளியே சைபீரியப் பனி, உள்ளே தண்ணீரால் குளிர்விக்கப்பட்ட செனான் விளக்கின் கீழ் கோதுமை. 1972-73இல் மூன்று பேர் கொண்ட குழுவோடு 180 நாள் சோதனை நடந்தது. காற்று முழுக்க உள்ளேயே சுழன்றது. கோதுமையை அவர்களே அறுத்து, அரைத்து, ரொட்டி சுட்டார்கள். தாள் குட்டையாக இருக்கும் கோதுமை ரகத்தை இதற்கென்றே உருவாக்கினார்கள். வைக்கோல் குறைந்தால் உரக்குழி அண்ணனின் தலைவலியும் குறையும் அல்லவா?

எண்ணெய்க்கு என்ன பயிரிட்டார்கள் தெரியுமா? சூஃபா. நம் வயலில் களையென்று பிடுங்கி எறிகிறோமே கோரை, அதே இனம். கிழங்கில் எண்ணெய் இருக்கும்.

உள்ளதை மறைக்கக் கூடாது: இறைச்சி வெளியிலிருந்துதான் போயிற்று, உலர்த்தி. மலத்தையும் உலர்த்தி எடுத்து வைத்தார்கள், சுழற்சிக்குள் கொண்டுவரவில்லை. ஆக, உங்கள் பூட்டு அங்கேயும் திறக்கவில்லை.

---

உப்பளத்துக்காரன்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் தழைச்சத்தைப் பேசுகிறீர்கள், உப்பை மறந்துவிட்டீர்கள். மனிதன் உப்புத் தின்பான், அது சிறுநீரில் வரும். சிறுநீரைத் திரும்பத் திரும்பப் பயிருக்கு விட்டால் சோடியம் ஏறிக்கொண்டே போகும். கோதுமையோ கீரையோ அதை அதிகம் எடுக்காது. கொஞ்ச நாளில் வேர்த் தொட்டியே உப்பளமாகிவிடும். எங்கள் ஊரில் உவர் ஏறிய நிலத்தைப் பார்த்தவனுக்கு இது புரியும்.

---

சைபீரியக்_குளிர்

மறந்துவிடவில்லை ஐயா, சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கிராஸ்நயார்ஸ்க் குழுவே பிற்காலத்தில் இதற்கு ஒரு செடியைச் சோதித்தது. சாலிகோர்னியா. உப்புத் தண்ணீரில் வளர்ந்து, உப்பைத் தண்டில் சேர்த்துக்கொள்ளும், மனிதர் அதைச் சாப்பிடலாம். உப்பு சுற்றி வந்து தட்டில் சேர்ந்துவிடும்.

---

உப்பளத்துக்காரன்

அது எங்கள் உமரிதானே! பாத்தி வரப்பு நெடுகக் கிடக்கும். வெயில் ஏறினால் சிவப்பாகும், கணுக்கணுவாக இருக்கும், ஒடித்து வாயில் போட்டால் நறுக்கென்று உப்புக் கரிக்கும். சின்ன வயதில் விளையாட்டாகத் தின்றிருக்கிறேன். அந்தக் குடும்பத்துச் செடிக்கு விண்வெளியில் வேலை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். ரொம்ப சந்தோஷம்.

---

பச்சைப்பொடி

விழுப்புரம் பக்கத்தில் ஸ்பைருலினா வளர்க்கிறேன். மெலிசாவில் இருப்பது லிம்னோஸ்பைரா இண்டிகா என்ற வகை, நாங்கள் வளர்ப்பதன் நெருங்கிய உறவு. 2017 டிசம்பரில் அதை விண்வெளி நிலையத்துக்கே அனுப்பி, வெளிச்சத்தில் வளர்த்து, விடும் ஆக்சிஜனை அங்கேயே அளந்தார்கள்.

இதன் பெரிய பலம் சோடா உப்புக் காரம். தண்ணீரின் கார அளவு (pH) 10ஐ ஒட்டி இருந்தால் வேறு எதுவும் எளிதில் உள்ளே வராது. அது கொஞ்சம் இறங்கட்டும், வேறு பாசி புகுந்து கரும்பச்சை வெளிறி மஞ்சள் தட்டிவிடும். காலையில் தொட்டியருகே போனதுமே வாசனையில் தெரியும். துணியில் வடித்து, சேமியா மாதிரிப் பிழிந்து, நிழலில் உலர்த்துவோம். உலர்ந்ததில் பாதிக்கு மேல் புரதம்.

ஆனால் இதையே மூன்று வேளையும் சாப்பிட முடியாது. நியூக்ளிக் அமிலம் அதிகம், உடம்பில் யூரிக் அமிலம் ஏறும். காற்றுக்குப் பாசி, சோற்றுக்குப் பயிர். இரண்டும் வேண்டும் என்பதே என் அனுபவம்.

---

விவாதமேடை

அமெரிக்காவில் பயோஸ்பியர் 2 என்று கண்ணாடி மாளிகை கட்டி, ஆக்சிஜன் இல்லாமல் தோற்றார்களே. அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்.

---

உரக்குழி

தோற்றார்கள் என்ற சொல்லை ஏற்க மாட்டேன் நண்பரே. என் முழு வாதமும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அரிசோனாவில் ஆரக்கிள் என்ற ஊருக்கருகே 1.27 ஹெக்டேர். 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே போய் இரண்டு வருடம் கழித்து அதே தேதியில் வெளியே வந்தார்கள். உணவில் பெரும்பகுதியை அவர்களே விளைவித்தார்கள். வாழை, பப்பாளி, சர்க்கரைவள்ளி, நெல், வேர்க்கடலை, மொச்சை. நம் கொல்லைப்புறம் மாதிரியே இல்லையா? பசித்தார்கள், இளைத்தார்கள், ஆனாலும் விட்டுவிடவில்லை.

ஆக்சிஜன் 20.9 சதவீதத்தில் தொடங்கி, பதினாறு மாதத்தில் 14ஐ ஒட்டி இறங்கியது. 4,000 மீட்டர் மலைமேல் இருப்பதைப் போல. இரவில் மூச்சுத் திணறி விழித்தார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

ஏன்? நன்றாக விளையட்டும் என்று மண்ணில் மக்கும் பொருளை அள்ளிப் போட்டிருந்தார்கள். செடி இன்னும் சின்னது, மண்ணிலுள்ள நுண்ணுயிருக்கோ விருந்து. அது ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டது. சரி, அப்படியானால் கரியமில வாயு அதே அளவு ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. அதுதான் புதிர். ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் புரோக்கர் முதலிய விஞ்ஞானிகள் கார்பன் ஐசோடோப்பை (எடை சற்றே மாறுபடும் கார்பன் வகைகளை) அளந்து கண்டுபிடித்தார்கள்: கட்டடத்தின் சிமென்ட் கான்கிரீட் அதைக் குடித்துவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் நாளடைவில் இறுகுகிறதே, அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகுகிறது. கான்கிரீட்டிலும் அதே சுண்ணாம்பு. செடிக்குத் திரும்ப வேண்டிய கார்பன் சுவருக்குள் கல்லாகப் போயிற்று, அதோடு ஆக்சிஜனும்.

உள்ளே கொண்டுபோன மண் எவ்வளவு மக்கும், எவ்வளவு வேகத்தில் மக்கும் என்று முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை இந்த எட்டுப் பேரின் மூச்சு கற்றுக்கொடுத்தது. அதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

---

மாடித்தோட்டம்_திருச்சி

படிக்கப் படிக்க நெஞ்சு அடைக்கிறது. மாடித்தோட்டக்காரியாக நானும் ஒன்று சேர்க்கிறேன். எடையற்ற நிலையில் தண்ணீர் கீழே வடியாது. வேரைச் சுற்றிக் குமிழாகப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு மூச்சு முட்டும். 2015இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெஜ்ஜி என்ற சின்னத் தோட்டத்தில் லெட்டூஸ் பறித்துச் சாப்பிட்டார்கள். அதே வருடக் கடைசியில் ஜின்னியா பூச்செடி அதிக ஈரத்தால் பூஞ்சணம் பிடித்துச் சாகக் கிடந்தது. அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கால அட்டவணையை ஓரம் வைத்து, செடியைக் கண்ணால் பார்த்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார். 2016 ஜனவரியில் பூத்தது. எந்தத் தோட்டக்காரருக்கும் அந்தச் சந்தோஷம் புரியும்.

ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 1996இல் குட்டைக் கோதுமை நன்றாக வளர்ந்து கதிர் விட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு மணிகூட இல்லை, எல்லாம் பதர். கலத்தின் காற்றில் சேர்ந்திருந்த எத்திலீன் வாயுதான் காரணம் என்றார்கள். வாழைத்தாருக்கு மூட்டம் போட்டால் பழுக்க வைக்கிறதே, அதே வாயு. திறந்த வயலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், மூடிய வீட்டில் எங்கே போகும்? பிறகு வேறொரு கோதுமை ரகத்தை வைத்து அதே மிரில் விதை எடுத்தார்கள்.

---

வால்வு_பொறியாளர்

இந்த விவரங்களெல்லாம் என் வாதத்துக்கே வலு சேர்க்கின்றன. இருந்தாலும் கேட்கிறேன், முழுக் கழிவையும் சுழற்றி யாராவது நீண்ட நாள் ஓட்டினார்களா?

---

சைபீரியக்_குளிர்

பெய்ஜிங்கில் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தின் யூகாங்-1, நிலவு மாளிகை என்று பொருள். லியு ஹாங் என்ற பேராசிரியை தலைமை. 2017 மே 10 முதல் 2018 மே 15 வரை, 370 நாள். மாணவர்கள் எட்டுப் பேர், நான்கு நான்கு பேராக மாறி மாறி. 35 வகைப் பயிர். புரதத்துக்கு மஞ்சள் புழு. மலம், வைக்கோல் இரண்டையும் நுண்ணுயிரால் மக்க வைத்தார்கள், சிறுநீரின் தழைச்சத்தை மீட்டார்கள். பொருட்களில் 98 சதவீதம் உள்ளேயே சுழன்றதாக அறிவித்தார்கள். வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தியும் பார்த்தார்கள்.

உரக்குழி அண்ணனுக்குப் பிடித்த பகுதி: காற்றில் கரியமில வாயு ஏறினால் சோயாச் செடியின் விளக்கு நேரத்தை மாற்றினார்கள். அதோடு மக்கும் கலத்தின் வேகத்தையும் கூட்டிக் குறைத்தார்கள்.

---

உரக்குழி

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், நன்றி. மக்குவதை ஒரு குழாய்த் திருகு மாதிரிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் குழியில் நானும் அதைத்தான் செய்கிறேன். சூடு அதிகமானால் கிளறுவதை நிறுத்துவேன், குழி தூங்கினால் பச்சைத் தழையும் தண்ணீரும் கொடுப்பேன்.

பொறியாளர் சார், உங்கள் அச்சம் நியாயமானது. பெய்ஜிங்கில் பூமியின் ஈர்ப்பு இருந்தது, சுவருக்கு வெளியே மின்கம்பி இருந்தது. அதனால் முதலில் இயந்திரம் காற்றைப் பார்த்துக்கொள்ளட்டும், செடி கீரை கொடுக்கட்டும். பக்கத்தில் மக்கும் கலம் சின்னதாக ஓடட்டும். ஒரே கலமாக வைக்காமல் மூன்று நான்காகப் பிரித்தால், ஒன்று செத்தால் மற்றொன்றிலிருந்து பஞ்சைப் பிழியலாம்.

---

வால்வு_பொறியாளர்

அந்தப் பஞ்சு யோசனை சரி. உயிருள்ள உதிரிப் பாகம். அதை ஏற்கிறேன். மின்சாரக் கணக்கில் மட்டும் இன்னும் இறங்கி வரமாட்டேன்.

---

எட்டாம்வகுப்பு_டீச்சர்

இந்த இழையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. இரண்டு கண்ணாடி ஊறுகாய் ஜாடி எடுத்தோம். ஒன்றில் பள்ளித் தோட்டத்து மக்கிய உரம் இரண்டு கைப்பிடி, ஈரமாக. இன்னொன்றில் அதே உரம், அடுப்பில் நன்றாக வேகவைத்து ஆறவிட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்து, பீரோவுக்குள் இருட்டில் வைத்தோம்.

மூன்றாம் நாள் காலை, உயிருள்ள உரம் இருந்த ஜாடியில் கிண்ணத்தின் மேல் பால் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. வேகவைத்த ஜாடியில் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே. மூடியைத் திறந்து எரியும் தீக்குச்சியை இறக்கினோம். முதல் ஜாடியில் கழுத்தைத் தாண்டியதும் அணைந்தது. இரண்டாவதில் எரிந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்த வெள்ளைதான் பயோஸ்பியர் சுவரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் மூன்றாவது ஜாடி. உரத்தோடு எட்டுக் காராமணி, ஜன்னல் வெயிலில். எவ்வளவு உரம் போடலாம் என்று பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கிறது. ஒரு கைப்பிடி போதுமா, அரைக் கைப்பிடியா? உரக்குழி ஐயா சொன்னால் அதன்படி செய்கிறோம்.

---

உரக்குழி

ஒரு ஸ்பூன் போதும் டீச்சர். மீதி ஆற்று மணல். முதல் இலை வந்ததும் இங்கே எழுதச் சொல்லுங்கள், அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.